முகமூடியும் இரவற்குரலும்: அமெரிக்க அங்கதப் படமொன்றின் இந்திக் குரல்மாற்றம் பற்றிச் சில கருத்துகள்

அங்கதம் எப்பொழுதும் எவரையேனும் நோக்கியே எழுகின்றது. வெறும் நகைச்சுவைக்கு இலக்கு இன்றியமையாததன்று. வழுக்கி விழுபவனைக் கண்டு சிரிப்பதற்கு அவன் யாரென்று அறியவேண்டிய தேவை இல்லை. அங்கதத்தின் நிலை வேறு. விழுந்தவன் யார், அவனை விழுத்தியவன் யார், பார்த்துச் சிரிப்போர் அவ்விருவரோடும் எத்தகைய உறவுடையோர் என்பன தெரிந்தாலன்றி அது அங்கதமாகாது. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தியமை நாமறிந்ததே. வெளிப்பட வைவது முன்னையது. வசையை உள்ளே மறைத்து வைப்பது பின்னையது. மறைத்து வைத்ததைக் கண்டுகொள்வதற்குக் கூறுவோனும் கேட்போனும் ஒரே உலகத்தின் பங்காளிகளாக இருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின், ஒரு சமூகத்திற் பிறந்த அங்கதப் படமொன்றை வேறொரு சமூகத்திற்கு அதன் மொழியிற் பேசவைக்கும்பொழுது நிகழ்வது யாது? சொற்கள் மாற்றப்படுகின்றன, முகங்கள் மாற்றப்படுவதில்லை. டப்பிங் எனப்படும் குரல்மாற்றத்தின் அடிப்படை முரண்பாடு இதுவே. 2018 மே மாதத்தில் இந்தியாவில் இந்தியிலும் வெளியிடப்பட்ட ‘டெட்பூல் 2’ என்னும் அமெரிக்கப் படத்தை முன்வைத்து இவ்வினாவை நாம் ஆராய விரும்புகின்றோம். இத்தகைய வணிகப் படங்கள் ஆய்வுக்குரியன அல்ல என்று கருதுவோர் நம்மிடையே உளர். வெகுசனங்கள் பெருந்தொகையாகப் பார்க்கும் ஒன்றை ஆய்வாளர் பாராதிருப்பதனால் அது இல்லாமற் போய்விடுவதில்லை.

டெட்பூல் என்னும் பாத்திரம் 1991 இல் மார்வல் நிறுவனத்தின் சித்திரக்கதைகளிலே தோன்றியது. 2016 இல் டிம் மில்லரும் 2018 இல் டேவிட் லீச்சும் அதனைத் திரைப்படமாக்கினர். இரண்டிலும் நடித்த ரயன் ரெனோல்ட்ஸ் இரண்டாம் படத்தின் திரைக்கதையிலும் பங்குகொண்டவர். அதிமானுட வீரர்களைப் பற்றிய படமொன்றின் உள்ளிருந்துகொண்டே அத்தகைய படங்களை இப்பாத்திரம் கேலி செய்கின்றது. திரையை விட்டுத் திரும்பிப் பார்வையாளருடன் பேசுகின்றது. கதாநாயகன் பெருமுயற்சியோடு திரட்டிய வீரர் குழு பரசூட்டிற் குதித்த சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ முழுவதுமாக மாண்டுபோகின்றது. அக்குழுவிலே எவ்வித அபூர்வ ஆற்றலுமற்ற பீற்றர் என்ற சாதாரண நடுவயதினன் ஒருவனும் இருந்தான் என்பதை நோக்குக. அநாதைச் சிறுவரின் இயல்பைத் ‘திருத்துவதாக’க் கூறி வதைக்கும் இல்லமொன்று படத்தின் மையத்தில் இருக்கின்றது; தற்பாலீர்ப்புடைய இளைஞரை மதத்தின் பெயராற் ‘குணப்படுத்த’ முனைந்த அமெரிக்க நிலையங்களை அது சுட்டுகின்றது என்பதை அந்நாட்டார்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பழிகரப்பு என்பது இதுதான்.

இதன் எல்லைகளையும் மறத்தலாகாது. தன்னைத்தானே கேலி செய்யும் படநிறுவனம் அக்கேலிக்கும் நுழைவுச்சீட்டு விற்கின்றது. முதலாளித்துவப் பண்பாட்டுத் தொழில் தன்மீதான விமரிசனத்தையும் பண்டமாக்கும் வல்லமை கொண்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேடவேண்டியதில்லை. எனினும், குறுகிய எல்லைக்குட்பட்டதாயினும், மூலப்படத்தின் கடியிலே பல் இருக்கின்றது. தன் கையையே அது கடிக்கின்றது. இந்திக்கு வந்தபொழுது அப்பல் என்னாயிற்று என்பதே நமது விசாரணை.

ஹொலிவூட் படங்களை இந்தியிற் பேசவைப்பது பெருவணிகமாக உருப்பெற்றது 1994 இல், ‘யூராசிக் பார்க்’ படத்தின் இந்திப் பிரதி பெற்ற வெற்றியின் பின்னராகும். ஆங்கிலம் அறிந்த நகர்ப்புற மத்தியதர வர்க்கத்துக்கு அப்பாலும் சந்தை விரிந்து கிடப்பதை அந்த வெற்றி காட்டிற்று. 2007 இல் ‘ஸ்பைடர்மான் 3’ போஜ்புரியிலும் பேசியது. ‘த இன்கிரெடிபிள்ஸ்’ இந்தியில் ‘ஹம் ஹைன் லாஜவாப்’ எனப் பெயர் மாறி ஷாருக் கானின் குரலைப் பெற்றது. 2016 இன் ‘ஜங்கிள் புக்’ இல் இர்பான் கான், நானா படேகர், ஓம் பூரி, பிரியங்கா சோப்ரா ஆகியோர் விலங்குகளுக்குக் குரல் வழங்கினர். டைனோசருக்கும் கரடிக்கும் தாய்மொழி கிடையாது. அவை எந்த மொழியிற் பேசினும் எவரும் வியப்புறார். இர்பானின் கரடி பஞ்சாபிச் சாயலோடு பேசியது படத்திற்கு அழகே சேர்த்தது. அங்கதப் படத்திற்கு வரும்பொழுதுதான் சிக்கல் தொடங்குகின்றது.

இவ்விடத்திலே தொழில்நுட்பம் சார்ந்த ஒரு செய்தியைச் சற்று விரித்துக் கூறவேண்டியுள்ளது. நமது வாதத்தின் பெரும்பகுதி அதன்மீதே தங்கியிருக்கின்றது. குரல்மாற்ற வசனகாரரின் முதற்பகை உதடுகளாகும். இசையும் பின்னணி ஓசைகளும் கொண்ட ஒலித்தடம் வசனமின்றித் தனியே வந்து சேரும். வசனத்தை மட்டும் புதிதாக எழுதிப் பதிவுசெய்தல் வேண்டும். திரையில் வாய் திறக்கும்போது சொல் தொடங்கவேண்டும், மூடும்போது முடியவேண்டும், இதழ்கள் பொருந்தும் ஒலிகள் ஓரளவாவது இயையவேண்டும். பொருளிற் செம்மையான சொல் கைவசம் இருந்தும் உதடு இடங்கொடாமையால் இரண்டாந்தரச் சொல்லை ஏற்கவேண்டிய அவலம் இத்தொழிலில் நாளாந்தம் நிகழ்வது.

டெட்பூலுக்கோ உதடுகளே இல்லை. தலை முதல் கழுத்துவரை மூடிய சிவப்பு முகமூடி படத்தின் பெரும்பகுதியில் அவன் வாயை மறைத்துவிடுகின்றது. மூலப்படத்தினரே இவ்வசதியைப் பயன்படுத்திப் படப்பிடிப்பின் பின்னர் நகைச்சுவைகளை மாற்றி மாற்றி ஒலிப்பதிவு செய்தனர். அதாவது, ஆங்கில மூலமே ஒருவகையிற் குரல்மாற்றப் படந்தான். தவிரவும், இந்திப் பார்வையாளர் பின்னொலிப்பதிவுக்குப் புதியவர் அல்லர். பல தசாப்தங்களாக இந்திப் படங்களின் பெரும்பாலானவை படப்பிடிப்பின் பின்னரே குரல் பெற்றன. 2001 இல் வந்த ‘லகான்’ நேரடி ஒலிப்பதிவுக்குத் திரும்பியமை ஒரு செய்தியாகப் பேசப்பட்டதற்குக் காரணமும் அதுவே. ஆகவே, இந்தி வசனகாரருக்கு இப்படத்திற் கிட்டிய சுதந்திரம் வேறெந்தப் படத்திலும் எளிதிற் கிட்டாதது. முகமூடியின் பின்னால் எதையும் பேசலாம், எவரையும் பேசலாம்.

அச்சுதந்திரத்தை நிரப்புவதற்கு விநியோகத்தர் தேர்ந்தெடுத்தது ஒரு நட்சத்திரத்தின் குரலை. அதே ஆண்டு ஜனவரியில் ‘பத்மாவத்’ படத்தில் அலாவுதீன் கில்ஜியாக வந்து பெயர்பெற்ற ரண்வீர் சிங் டெட்பூலுக்குக் குரல் வழங்கினார். துள்ளலும் துடுக்கும் கொண்ட அவரது குரல் பாத்திரத்திற்குப் பொருந்தாது என்று நாம் கூறவில்லை, பொருந்தவே செய்கின்றது. நமது ஆட்சேபம் குரலின் தரம் பற்றியதன்று, அக்குரலுக்கும் திரையிலுள்ள முகத்திற்குமிடையே தோன்றும் இடைவெளி பற்றியது.

உதாரணமாக, படத்தின் இறுதியிற் பெயர்ப்பட்டியலுக்கிடையே வரும் காட்சியை நோக்கலாம். காலத்திற் பின்னோக்கிச் செல்லும் கருவியொன்று டெட்பூலின் கையிற் கிடைக்கின்றது. அதனைக்கொண்டு அவன் 2011 இல் வெளிவந்து தோல்வியுற்ற ‘கிறீன் லான்ரேர்ண்’ என்ற படத்தின் திரைக்கதைப் பிரதியைப் பெருமிதத்தோடு வாசித்துக்கொண்டிருக்கும் நடிகர் ரயன் ரெனோல்ட்ஸைச் சுட்டுக் கொல்கின்றான். ஒரு நடிகன் தனது கடந்தகாலத் தவறைத் தானே தண்டிக்கின்றான். இக்காட்சியின் அங்கதம் முழுவதும் சுடுபவனும் சுடப்படுபவனும் ஒருவனே என்ற அறிவில் தங்கியுள்ளது. இந்தியில் முகமூடிக்குள்ளிருப்பது ரண்வீர் சிங்கின் குரல். தலையிற் குண்டு பாய்ந்து சாய்வது ரெனோல்ட்ஸின் முகம். தன்னைத்தான் எள்ளும் அங்கதம் இங்கே மற்றவனை எள்ளும் வேடிக்கையாகத் திரிந்துவிடுகின்றது. ஒரு சொல்லேனும் பிழையாக மொழிபெயர்க்கப்படாமலே இத்திரிபு நிகழ்கின்றது என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எதிர்காலத்திலிருந்து வரும் கேபிள் என்ற போர்வீரனாக நடித்த ஜோஷ் புரோலின், அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிற்றி வோர்’ படத்திலே தானோஸ் என்னும் கொடியவனாகவும் நடித்திருந்தார். டெட்பூல் அவனைத் தானோஸ் என்று விளித்துக் கேலி செய்வது இந்தியிலும் பழுதின்றிச் செல்லுபடியாகின்றது. இந்திப் பார்வையாளர் அந்தப் படத்தையும் அப்பொழுதுதான் பார்த்திருந்தனர். உலகச் சந்தை ஒரே பண்டத்தை ஒரே மாதத்தில் எல்லோர்க்கும் விற்றிருப்பின், அப்பண்டத்தைப் பற்றிய கேலியும் எல்லோர்க்கும் விளங்கும். மொழிபெயர்ப்பாளரின் வேலையைச் சந்தையே செய்துவிடுகின்றது. அநாதை இல்லத்தைப் பற்றிய மறைவசைக்கு அத்தகைய சந்தை இல்லை. குழந்தைகளை வதைக்கும் ஒரு கொடிய இடம் என்ற அளவில் அது கடல் கடக்கின்றதேயன்றி, அது யாரைச் சுட்டுகின்றது என்பது கரையிலேயே நின்றுவிடுகின்றது.

இனி, எந்த இந்தி என்ற வினாவும் எழுகின்றது. ஆகாசவாணியின் வடமொழி கலந்த இந்தி ஒன்று. உருதுவோடு உறவாடும் ஹிந்துஸ்தானி ஒன்று. மராத்தியும் குஜராத்தியும் கலந்து பம்பாய்த் தெருக்களில் வளர்ந்த பேச்சு இன்னொன்று. துடுக்கான அமெரிக்கப் பாத்திரங்களுக்கு இம்மூன்றாவதன் சாயலைப் பூசுவது குரல்மாற்றத் தொழிலின் பொதுவழக்காகும். 1995 இன் ‘ரங்கீலா’ வில் ஆமிர் கானும் 2003 இன் ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ இல் சஞ்சய் தத்தும் பேசிய மொழி அது. ஆனால் அம்மொழி ஒரு வர்க்கத்தின் மொழி. நிலையான தொழிலற்று நகரத்தின் விளிம்பில் வாழ்வோரின் சமூக வரலாறு அதனுள்ளே கிடக்கின்றது. டெட்பூலின் ஆங்கிலத்திற்கு அத்தகைய வர்க்க முத்திரை இல்லை. அது திரைப்படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நுகர்வோனின் மொழி. இவ்விரண்டையும் சமன்படுத்துவோர் அறிந்தோ அறியாமலோ உழைக்கும் மக்களின் பேச்சைக் கோமாளியின் அணிகலனாக்குகின்றனர்.

வசைச் சொற்களின் சங்கதி இதனினும் கூர்மையானது. ஆங்கிலத்தின் இழிசொற்கள் பெரும்பாலும் உடலையும் சமயத்தையும் பற்றியன. அன்றாடப் புழக்கத்தில் தேய்ந்து வெறும் அழுத்தக்குறிகளாகிவிட்டன. இந்தியின் வசைகளோ தாயையும் சகோதரியையும் இழிவுபடுத்துவன. சாதிப்பெயர்களையே வசையாக வழங்குவனவும் உள. ஆங்கிலத்தில் எவரையும் தாக்காத ஒரு சொல், இந்தியில் நேர்ச்சொல்லைப் பெற்றதும் குறிப்பிட்ட ஒருத்தியை, சிலவேளை குறிப்பிட்ட ஒரு சாதியை, தாக்கத் தொடங்குகின்றது. தணிக்கையும் இங்கு குறுக்கிடுகின்றது. இந்தியாவின் 1952 ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் குரல்மாற்றப் பிரதியும் தனியே சான்றிதழ் பெறல் வேண்டும். 2015 பெப்ரவரியிலே தணிக்கைச் சபையின் அன்றைய தலைமை, படங்களில் வரலாகாத சொற்களின் பட்டியலொன்றைச் சுற்றுக்கு விட்டு, எதிர்ப்பெழுந்தமையால் அதனை நடைமுறைப்படுத்த இயலாது போனமை நினைவிருக்கலாம். ஆங்கிலத்தில் வந்தால் அயலவரின் வழக்கம் என்று பொறுத்துக்கொள்ளப்படும் சொல், தாய்மொழியில் வந்ததும் ஒழுக்கக்கேடாகிவிடுகின்றது. இப்போக்கின் மேற்றட்டுத் தன்மை சொல்லாமலே விளங்கும். வயதுவந்தோர்க்கு மட்டும் என்ற சான்றிதழோடு வந்த படத்திற்கூட ஆங்கிலம் அறிந்தவரே வயதுவந்தோர் என்பது போன்றதொரு கருத்துநிலை இது.

இவையனைத்தையும்விட நம்மை நிறுத்திச் சிந்திக்கவைப்பது டோபிந்தர் என்ற பாத்திரமாகும். இரண்டு படங்களிலும் வரும் இந்த வாடகைக்கார்ச் சாரதி அமெரிக்க நகரமொன்றில் வாழும் இந்தியக் குடியேற்றவாசி. தில்லியிற் பிறந்த கரன் சோனி இப்பாத்திரத்தை ஏற்றார். முதற் படத்தில் கீதா என்பவள்மீது காதல்கொண்டு, போட்டிக்கு வந்த மைத்துனனைக் காரின் பின்பெட்டியில் அடைத்துவைக்கின்றான். இரண்டாவதிற் கூலிக்கொலைஞனாக ஆசைப்படுகின்றான். அவனது வெகுளித்தனமும் பணிவும் இந்திய உச்சரிப்பும் சேர்ந்தே அமெரிக்கப் பார்வையாளனைச் சிரிக்கவைக்கின்றன. இந்திப் பார்வையாளர் இப்படத்தில் தம்மைக் காணக்கூடிய ஒரே இடம் இது. ஆனால் இங்கு அவர்கள் சிரிப்போர் அல்லர், சிரிக்கப்படுவோர்.

இந்திப் பிரதியிலே டெட்பூலும் இந்தி பேசுகின்றான், டோபிந்தரும் இந்தி பேசுகின்றான். குடியேற்றவாசியின் உச்சரிப்பு என்ற ஒன்று அங்கே இருக்கவியலாது. வேறுபாட்டைக் காட்டவேண்டுமாயின் யாதேனும் ஒரு பிரதேசத்தின் கொச்சையை அவன் வாயில் வைக்கவேண்டும். அவ்வாறு செய்யின் அமெரிக்கர் இந்தியரைப் பார்த்துச் சிரித்தது, நகரத்து இந்தியர் கிராமத்து இந்தியரைப் பார்த்துச் சிரிப்பதாக மாறும். வேறுபாட்டைக் காட்டாதுவிடின் அவன் காரணமின்றி அசடாயிருக்கும் ஒருவனாகிவிடுவான். இரண்டு வழியிலும் இனவாதச் சாயல்கொண்ட மூலக்கேலி அழிந்துபோகின்றது. அது அழிந்ததையிட்டு மகிழலாமே என்று கேட்கலாம். நாம் மகிழவில்லை. ஏனெனில், தம்மைப் பற்றி அங்கே என்ன சொல்லப்பட்டது என்பதை அறியும் உரிமை இந்திப் பார்வையாளர்க்கு உண்டு; குரல்மாற்றம் அதனை மூடி மறைத்துவிட்டது. இதே பம்பாய்ச் சினிமா 1954 இல் தேவ் ஆனந்தை வாடகைக்கார்ச் சாரதியாக்கி நாயகனாக நிறுத்தியது என்பதையும் இவ்விடத்துக் கருதுதல் தகும்.

முதற் படத்திலே டோபிந்தரின் காருக்குள் ஒரு பழைய இந்திப் பாடல் ஒலிக்கின்றது. 1955 இல் ராஜ் கபூர் இயக்கி நடித்த ‘ஸ்ரீ 420’ படத்திற்காகச் சைலேந்திரா எழுதி, சங்கர் ஜெய்கிஷன் இசையமைத்து, முகேஷ் பாடியது. உடுத்திருப்பவை அந்நிய நாட்டுப் பொருள்களாயினும் நெஞ்சம் இந்தியனுடையதே என்று ஒரு நாடோடி வழிநடந்து பாடும் பாட்டு அது. அமெரிக்கர்க்கு அது ஒரு கவர்ச்சிகரமான அந்நிய ஓசை, அவ்வளவே. நம்மைப் பொறுத்தவரை முழு விடயத்தின் திறவுகோல் அதனுள்ளே இருக்கின்றது.

ராஜ் கபூரின் நாடோடி யார்? சார்லி சாப்ளினின் நாடோடியே. கிழிந்த கோட்டும் குட்டையான காற்சட்டையும் தள்ளாடும் நடையும் அமெரிக்கத் திரையிலிருந்து பம்பாய்க்கு வந்தவை என்பதை ராஜ் கபூர் ஒருபோதும் மறைத்தவரல்லர். ஆயின், அந்த நாடோடியை இந்தியிற் பேசவைத்தபொழுது செய்யப்பட்டது குரல்மாற்றம் அன்று. கதையை எழுதிய கே. ஏ. அப்பாஸ் முற்போக்கு இயக்கத்தவர். பாடலாசிரியர் சைலேந்திரா இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு உறவுடையவர். அலகாபாத்திலிருந்து வேலைதேடிப் பம்பாய்க்கு வரும் இளைஞன், நேர்மைக்காகப் பெற்ற பதக்கத்தை அடகுவைக்கின்றான். சேட் சோனாசந்த் தர்மானந்தின் கூடாரத்திற் சேர்கின்றான். நூறு ரூபாவுக்கு வீடு என்று கூறி நடைபாதை மக்களின் சேமிப்பைச் சுருட்டும் திட்டத்திற் பங்காளியாகின்றான். படத்தின் பெயரிலுள்ள எண், மோசடியைத் தண்டித்த அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையின் 420 ஆம் பிரிவு. இலக்கு முற்றாக மாற்றப்பட்டிருப்பதைக் காண்க. சாப்ளினின் ‘மொடேர்ன் ரைம்ஸ்’ 1936 இல் அமெரிக்கத் தொழிற்சாலையின் இயந்திர ஒழுங்கை எள்ளியது. ராஜ் கபூரும் அப்பாஸும் அந்த உருவத்தை எடுத்து, சுதந்திர இந்தியாவின் நாணயமாற்று முதலாளிகள்மீது ஏவினர். அமெரிக்க அங்கதம் இந்திக்கு உண்மையில் மொழிபெயர்க்கப்பட்ட தருணம் அதுவென நாம் கருதுகின்றோம்.

‘டெட்பூல் 2’ இன் இந்திப் பிரதி இதற்கு மறுதலையானது. அங்கே உடை அந்நியம், நெஞ்சம் இந்தியம். இங்கே உடுத்த மொழி மட்டும் இந்தியம். உள்ளூர்ச் சினிமாவைப் பற்றிய குறிப்புகள் செருகப்பட்டன என்பது உண்மையே. இந்தி முன்னோட்டத்திலேயே அவற்றின் மாதிரி கிடைத்தது. ஆயினும், ஒரு பெயரைச் சொல்லிப் பார்வையாளரின் கைதட்டலைப் பெறுவது வேறு, அப்பெயருக்குரியாரைக் கூண்டில் ஏற்றுவது வேறு. மூலப்படம் ஹொலிவூட் நிறுவனங்களின் பேராசையையும் நடிகரின் தோல்விகளையும் பெயர்சொல்லி எள்ளியது. அதற்கு நிகராக இந்தி முகமூடி எள்ளியிருக்கவேண்டியவர் பம்பாயின் பெருநட்சத்திரங்களும், குடும்பச் சொத்தாகச் சினிமாவைக் கைமாற்றும் தயாரிப்பாளரும், அவர்களுக்குப் பின்னாலிருக்கும் மூலதனமும் ஆவர். குரல் கொடுத்தவரே அந்நட்சத்திர உலகத்தின் நடுவில் இருப்பவர். அவர் தம்மையே எள்ளியிருந்தால், நாம் மேலே சுட்டிய இறுதிக் காட்சியின் இழப்புக்கூட ஓரளவு ஈடுசெய்யப்பட்டிருக்கும்.

குரல்மாற்றம் தழுவல் அன்று, ஒப்பந்தத்திற்கு உட்பட்ட கூலித்தொழில்; அதனிடம் இவ்வளவு எதிர்பார்த்தல் நியாயமோ என்று கேட்கப்படலாம். கேள்வியில் நியாயம் உண்டு. வசனகாரருக்குக் கிட்டும் அவகாசம் குறைவு, ஊதியம் குறைவு, சுவரொட்டியில் அவர் பெயர் வருவதில்லை. அவரை நாம் குறை கூறவில்லை. ஆயின், இந்தியில் அங்கதத்திற்கு மொழிவளம் இல்லை என்று யாரேனும் சமாதானம் கூறின் அதனை ஏற்கவியலாது. ஹரிசங்கர் பர்சாயியின் உரைநடையும் 1968 இல் வெளிவந்த ஸ்ரீலால் சுக்லவின் ‘ராக் தர்பாரி’ நாவலும் அம்மொழியிலேயே உள்ளன. குந்தன் ஷா 1983 இல் எடுத்த ‘ஜானே பீ தோ யாரோ’, புகைப்படத்திற் பிணம் தென்படும் உத்தியை அந்தோனியோனியின் ‘புளோ அப்’ இலிருந்து வெளிப்படையாகவே பெற்றுக்கொண்டு, பம்பாயின் கட்டட முதலாளிகளையும் மாநகரசபை அதிகாரியையும் ஒரே பிணத்தின் பின்னால் ஓடவைத்தது. அப்படத்திற்குப் பணம் இட்டது அரசுத் திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்பதும் ஒரு வேடிக்கை.

இரண்டாம் டெட்பூல் படத்திலும் டோபிந்தரின் காரில் இந்திப் பாடலொன்று வருகின்றது. இம்முறை 2004 இல் அஷுதோஷ் கோவாரிகர் இயக்கிய ‘ஸ்வதேஸ்’ இலிருந்து. ஜாவேத் அக்தர் எழுதி ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்திற் பணிபுரியும் இந்தியப் பொறியியலாளன் ஒருவன் தன் வளர்ப்புத்தாயைத் தேடிக் கிராமத்திற்குப் பயணஞ் செய்கையில், வழியில் ஏறிக்கொண்ட பக்கிரியோடு சேர்ந்து பாடும் பாட்டு அது. அப்படத்தின் நாயகன் இறுதியில் அமெரிக்காவை விட்டு நாடு திரும்பிவிடுவான். டோபிந்தர் திரும்பவில்லை, அப்பாட்டைக் காருக்குள் ஒலிக்கவிட்டபடி கூலிக்கொலைஞனாகும் கனவோடு ஓட்டிக்கொண்டிருக்கின்றான். இந்த முரணை அமெரிக்கப் பார்வையாளர் அறிய வழியில்லை. இந்திப் பார்வையாளர் ‘ஸ்வதேஸ்’ ஐ அறிவர். இசைத்தடத்திற் கிடந்த இப்பாடலை இந்தி வசனகாரர் தொடவேண்டியிருக்கவில்லை.